மூன்றாவது சுற்று

மூக்குக்கு வேலை இருக்கிற நாளில் அவர் பற்பசையைத் தொட மாட்டார். உப்பைத் தொட்டு விரலால் ஒரு தேய்ப்பு, வாய் நிறையத் தண்ணீர், முடிந்தது. குளியல் உண்டு, சோப்பு கிடையாது. தலைக்கு எண்ணெய் கிடையாது. காபி கேட்க மாட்டார். மனைவியும் கொடுக்க மாட்டார். நெற்றியில் ஒற்றைக் கீற்று விபூதி மட்டும் உண்டு, அதுவும் மணம் சேர்க்காத வெறும் சாம்பலாக இருக்க வேண்டும். வேலையில் இருந்தவரை வாரத்தில் ஆறு நாள் இப்படித்தான் விடிந்தது. ஓய்வுபெற்ற பிறகு பற்பசை, காபி, தேங்காய் எண்ணெய் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன. இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உப்பு.

காரணம், கூடத்து மேசைமேல் நிற்கிற இரண்டு லிட்டர் பாட்டில்கள். அக்கா மகன் கொண்டுவந்தவை. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று அவனைப் பயிற்சிக்காக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கு அனுப்பியிருந்தது. தங்கிய ஊர் ஜார்ஜ்டவுன். டொயோட்டாவின் பெரிய ஆலை அங்கே இருக்கிறது. கார் எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனாலும் பர்பன் வடிக்கிற ஊர் ஒன்று வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வை கட்டாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். அளவு பிசகாமல் கொண்டுவந்திருக்கிறான்.

மணி பதினொன்று. கும்மிடிப்பூண்டி வெயில் தெருவில் நீட்டிப் படுத்திருக்கிறது. சென்னைப் புறநகர் ரயில்களில் சில இந்த ஊரோடு திரும்பிவிடும், சில ஆரம்பாக்கம், தடா தாண்டி சூலூர்ப்பேட்டைக்குப் போகும். ஜி.என்.டி. சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஞாயிறு கிடையாது. சிப்காட்டின் ரோலிங் மில்களுக்கும் கிடையாது. காற்று ஒரு திருப்பம் திரும்பினால் பழைய இரும்பு உருகும் வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பக்கத்து ஜன்னல்களை அவர் காலையிலேயே சாத்திவிட்டார். மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்.

மேசையைச் சுற்றி மூன்று நாற்காலி. அவர், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரருக்கு இரும்பு உருக்கும் ஃபர்னஸில் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்திருக்கிறார். ஊருக்குப் பகல் பதினொன்று என்றால் அவருக்கு அது சாயங்காலம். சமையலறையில் அவர் மனைவி, மருமகனுக்கு அத்தை. மூலையில், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் தொங்கும் திரைச்சீலைக்குப் பக்கத்தில், நான். குடிக்காதவன், அதிகம் பேசாதவன் என்பதுதான் என் தகுதி. அந்தத் தகுதிக்கு இன்றைக்கு ஒரு வேலையும் கிடைத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆரஞ்சு லேபிள் பாட்டிலை ஃபர்னஸ்காரர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்.

“இன்னா தம்பி பேரு இது?”

“புல்லட்-ணா.”

“நம்ம திருவொத்தியூர் புல்லட்டா?”

“அது வண்டி. இது எழுத்து வேற. விஸ்கி.”

“ரெண்டும் ஆளக் கவுக்கும்ல?”

சிரிப்பு அடங்கும்வரை அவர் பேசவில்லை. பாட்டிலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளின் சின்ன எழுத்துகளைப் படிக்கிறார். கென்டக்கி ஸ்ட்ரெய்ட் பர்பன். 45 சதவீதம்.

“வயசு போடல. ஸ்ட்ரெய்ட்னு போட்டு வயசு போடலன்னா, நாலு வருஷத்துக்குக் குறைஞ்ச சரக்கு உள்ள கிடையாதுன்னு அர்த்தம். அவங்க சட்டம். 90 புரூஃப்னு வேற போட்டிருக்கான். அது அவங்க கணக்கு, சதவீதத்தை ரெண்டால பெருக்கினா வந்துடும். நம்ம கணக்குல இது 79-க்குக் கிட்ட.”

நம்ம கணக்கு என்று அவர் சொன்னது வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கணக்கு. அதில் 100 புரூஃப் என்பது 57.1 சதவீதம். நம் கடைகளில் விற்கிற விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாவற்றின் லேபிளிலும் 42.8 என்று ஒரு விநோதமான எண் இருக்குமே, அது அந்தக் கணக்கில் சரியாக 75. அந்த எண்ணோடுதான் அவர் முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினார்.

திருவள்ளூர் பக்கம் ஒரு மதுபான ஆலையில் பிளெண்டர் வேலை. ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு, பெரியபாளையம் வழியாகக் கம்பெனி வேன். ஆலை என்று பெயரே தவிர, அங்கே தானியம் எதுவும் வேகவில்லை, எதுவும் புளிக்கவில்லை. ஈ.என்.ஏ. என்கிற 96 சதவீத ஸ்பிரிட் டேங்கர் லாரியில் வந்து இறங்கும். பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்தது. நிறமும் மணமும் ருசியும் இல்லாதபடி சுத்தம் செய்தது. தாது நீக்கிய தண்ணீரை விட்டு, கேரமலில் நிறம் ஏற்றி, மால்ட் ஸ்பிரிட் கொஞ்சம் சேர்த்து, 42.8-க்கு இறக்கினால் விஸ்கி. ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று விற்க முடியாது. தானியத்திலிருந்து வடித்ததாகவும், மரப்பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடந்ததாகவும் இருக்க வேண்டும். நம் நாட்டில் அந்தக் கட்டாயம் இல்லை.

தமிழ்நாட்டில் மதுபானம் வாங்குகிற கை ஒன்றே ஒன்று. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் முதலில் மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. 2003 இறுதியில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்குப் போயின. ஒரே கைக்கு விற்கிறவன் சரக்கு இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாது. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நேற்றைய சாம்பிளையும் இன்றைய சாம்பிளையும் அருகருகே வைத்து முகர்ந்து, படிவத்தில் ‘மாறுதல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நன்றாக இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. யாரும் அவரை அப்படிக் கேட்டதும் கிடையாது.

மருமகன் நேற்று ராத்திரி கேட்டுவிட்டான்.

“மாமா, இது ஹை ரை பர்பன். ரொம்ப பேர் புகழ்றாங்க. நல்லா இருக்கான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“ரெஃபரன்ஸ் எங்க?” என்றாராம் அவர்.

“ரெஃபரன்ஸா?”

“ஒண்ணை மட்டும் குடுத்து எப்படிடா இருக்குன்னா நான் என்ன சொல்றது? ரை கம்மியா இருக்கிற பர்பன் ஒண்ணு வேணும். ரெண்டையும் பக்கத்துல வச்சாதான் ரை என்ன பண்ணுதுன்னு தெரியும்.”

ஆபீஸ் நண்பனுக்கென்று வாங்கிய ஜிம் பீம் அப்படித்தான் மேசைக்கு வந்தது. நண்பனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை மருமகன் முகத்தில் இன்னும் இருக்கிறது.

காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு அவர் கோடு இழுக்கிறார். கட்டங்கள். மேலே இரண்டு வரி: ஜிம் பீம் – மக்காச்சோளம் 77, ரை 13, மால்ட் பார்லி 10. புல்லட் – மக்காச்சோளம் 68, ரை 28, மால்ட் பார்லி 4.

“மக்காச்சோளம் 51 சதவீதமாவது இருந்தாதான் பர்பன்,” என்கிறார் ஃபர்னஸ்காரரைப் பார்த்து. “மிச்சத்துல என்ன போடறான்கிறதுலதான் ருசி மாறும். சாதாரணமா ரை பத்து, பதிமூணு சதவீதம் இருக்கும். இருபதைத் தாண்டினா ஹை ரை. முப்பத்தஞ்சு வரைக்கும் போடறவங்க இருக்காங்க.”

“மக்காச்சோளம் தெரியும். கோழித் தீவனம். பெரம்பலூர்லேர்ந்து லோடு வரும். ரைன்னா?”

“குளிர் நாட்டுத் தானியம். கோதுமைக்குச் சொந்தக்காரன். ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கம் அதுல கறுப்பு ரொட்டி சுடுவான். தண்ணியில வேகவச்சா பசை மாதிரி இழுக்கும், நுரைச்சுக்கிட்டு மேல வரும். வடிக்கிறவனுக்குத் தொல்லை பிடிச்ச தானியம். இருந்தும் போடறான்னா ஏதோ குடுக்குதுன்னுதானே அர்த்தம்?”

மருமகன் போனில் ஒரு படம் காட்டுகிறான். ஏழெட்டு மாடி உயரத்துக்குப் பீப்பாய்க் கிடங்கு. சுவரெல்லாம் கரி அப்பியது போல் கறுப்பு.

“நம்ம மில்லு சுவரு கணக்கா கீது!” என்று ஃபர்னஸ்காரருக்குச் சொந்த ஊரைப் பார்த்த சந்தோஷம்.

“புகையில்லண்ணா. பூஞ்சை. பீப்பாய்லேர்ந்து ஆவியாப் போற ஆல்கஹாலைத் தின்னு வளருதாம்.”

“ஆவியா எவ்ளோ போவும்?”

கேள்வி மருமகனிடம், பதில் மாமாவிடமிருந்து. “ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு ரெண்டு சதவீதம். கென்டக்கில அதைவிடக் கூட. பெங்களூர்ல அம்ருத்காரங்க பீப்பாயில வைக்கிறாங்களே, அங்க பத்து, பன்னெண்டு. அஞ்சு வருஷம் வச்சா பாதிய சூரியன் குடிச்சிட்டுப் போயிடும்.”

ஃபர்னஸ்காரரின் அக்கறை ஆவியிலிருந்து தீக்குத் தாவுகிறது. பீப்பாயின் உட்புறத்தை எரிக்கிறார்கள் என்று மருமகன் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். என்ன மரம்? புது ஓக். எப்படி எரிப்பது? உள்ளே நேரடியாகத் தீ. எவ்வளவு நேரம்? கரி அளவு நாலு என்றால் 55 விநாடி. அவர் தலையை ஆட்டுகிறார், கணக்குப் போடுகிற ஆட்டம்.

“மேல கரி, அதுக்குக் கீழ செவந்த மரம். அந்த செவப்புலதான் மேட்டரு. சரியாண்ணா?”

மாமாவும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். சரிதான். மரத்தின் சர்க்கரை அந்தச் சிவந்த அடுக்கில்தான் பாகாகிறது; வெனிலா மணமும் சூட்டில் மரம் உடைந்து வருவதுதான். பர்பனில் கேரமல் சேர்க்க அனுமதி இல்லை. பாட்டிலில் தெரிகிற நிறம் முழுக்க அந்த 55 விநாடியின் கைவேலை. ஒரு பீப்பாய் பர்பனுக்கு ஒரு தடவைதான் பயன்படும். பிறகு ஸ்காட்லாந்துக்கோ பெங்களூருக்கோ கோவாவுக்கோ பழைய விலைக்குப் போய் அங்கே வேறு விஸ்கியை ஊறவைக்கும்.

இப்போது என் வேலை.

“சார் குடிக்கிறதில்ல. கேட்டாலும் பேச மாட்டார். அவரே ஊத்தட்டும்,” என்று நேற்றே முடிவாகியிருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால், சமையல் மேடையின் ஒரு ஓரம் எனக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மற்றது. எது தனி என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முக்கோணச் சோதனை என்று லேபில் பெயர். கிளாஸில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதக் கூடாதாம். ஒன்று என்றாலே மனசு அதை உசத்தியாக நினைக்கும். மூன்று இலக்க எண், அதுவும் வரிசையில்லாமல். 417, 802, 365 என்று நான் எழுதுகிறேன். விடையை ஒரு சீட்டில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் போடுகிறேன்.

மருமகன் கொண்டுவந்த இரண்டு கிளென்கேர்ன் கிளாஸ்களும் அழகு. துலிப் பூவின் வயிறு, குறுகின வாய், மணம் கூட்டி மேலே அனுப்புகிற வடிவம். ஆனால் இரண்டுதான் இருக்கின்றன. “எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்” என்று அவர் அவற்றை ஓரம்கட்டிவிட்டு டீக்கடை கிளாஸ்களை வரவழைத்துவிட்டார். நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் கிளாஸைச் சுற்றிக் காகிதம். செய்தித்தாள் என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு மறுத்தார்: மை வாசனை. கடைசியில் அத்தை சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள். மேலே மூடியாகக் குட்டிக் குட்டி எவர்சில்வர் தட்டுகள்.

பலத்தையும் சமன்படுத்த வேண்டும். புல்லட் 45, ஜிம் பீம் 40. அப்படியே கொடுத்தால் எரிச்சலை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டையும் 20-க்கு இறக்கச் சொல்லி, வாயாலேயே கணக்குப் போட்டுக் கொடுத்தார்: புல்லட் 60 மில்லிக்குத் தண்ணீர் 75, பீம் 60-க்குத் தண்ணீர் 60. போர் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின், கேன் தண்ணீர்தான். இருபதுக்கு இறக்கினால் ஆல்கஹாலின் குத்தல் அடங்கி, பின்னால் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வரும். பிளெண்டர்கள் இந்தப் பலத்தில்தான் முகர்வார்கள்.

முதல் சுற்று.

அவர் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. மார்பு உயரத்தில் வைத்துத் தட்டை விலக்குகிறார். பிறகு தாடை உயரம். பிறகு விளிம்பு. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. வலது நாசி, இடது நாசி. அடுத்த கிளாஸுக்குப் போகும் முன் முழங்கை மடிப்பில், தன் தோலையே ஒரு முறை முகர்கிறார். களைத்த மூக்குக்கு அதுதான் இளைப்பாறல். மறுபடி. ஒரு வாய் எடுத்து, மென்று, பல்லிடுக்கில் உருட்டி, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் மக்கில் துப்புகிறார்.

“அய்யோ!” ஃபர்னஸ்காரர் பதறிவிட்டார். “துப்பறீங்களே சார்! என்னா விலை!”

“சர்வீஸ் பூரா துப்பித்தான்யா சம்பளம் வாங்கினேன்.”

உள்ளிருந்து அத்தையின் குரல்: “அதனாலதான் நான் வாழ்ந்தேன்.”

ஃபர்னஸ்காரரின் முறை வேறு. 417, ஒரே கல்ப். 802, ஒரே கல்ப். 365, ஒரே கல்ப். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “தண்ணியா கீது. ஆனா 802 காரம்.”

“காரம்னா?”

“மிளகு ரசம் கடைசில இறங்கும் பாருங்க, தொண்டையில. அந்தக் காரம். மத்த ரெண்டும் சும்மா இனிப்பு.”

அவர் ஒன்றும் சொல்லாமல் தன் தாளை நகர்த்திக் காட்டுகிறார். 802 தனி. மணம்: கிராம்பு, புதினாத் தண்டு, ஷாஜீரா. நாக்கு: மிளகு. மற்ற இரண்டில்: பால்கோவா, முற்றின தேங்காய், வேகவைத்த சோளம். மருமகன் 365 என்று எழுதியிருந்தான். கென்டக்கியில் பார்த்துப் பார்த்துக் குடித்தவன். சீட்டைப் பிரிக்கிறேன். 802.

“லக்குலயும் மூணுல ஒண்ணு வரும்,” என்கிறார் அவர். ஃபர்னஸ்காரரைக் குறைத்துச் சொல்லவில்லை, தன்னையும் சேர்த்துத்தான். “இன்னொண்ணு.”

கிளாஸ்கள் கழுவப்படும் நேரத்தில் மருமகன் தோல்வியை வேறு பேச்சால் மூடப் பார்க்கிறான். பர்பனுக்கு இருந்த 150 சதவீத இறக்குமதித் தீர்வையை 2025 பிப்ரவரியில் 100 ஆக்கிவிட்டார்கள், பிரதமர் வாஷிங்டன் போன சமயம். இனி நம் ஊரிலேயே விலை இறங்கும்.

“இறங்கினாலும் குவார்ட்டர் கணக்குல வராது தம்பி,” என்கிறார் ஃபர்னஸ்காரர். “மில்லுல பீகார் பசங்க, ஒரிசா பசங்க. அவனுங்களே ரெண்டு பேர் சேந்து கட்டிங் போடறானுங்க. இதெல்லாம் ஏர்போர்ட் சரக்கு.”

“அந்தக் காரம் எங்கேர்ந்து மாமா வருது? ரையில மிளகு கிடையாதே,” மருமகன் விடவில்லை.

“ரைத் தோல்ல ஃபெருலிக் ஆசிட்னு ஒண்ணு அதிகம். புளிக்கும்போதும் வடிக்கும்போதும் அது உடைஞ்சு கிராம்பு வாசனையா மாறும். எரிச்ச ஓக்லயும் கிராம்பு எண்ணெயில இருக்கிற அதே யூஜினால் கொஞ்சம் இருக்கு. தானியமும் மரமும் ஒரே பக்கம் தள்ளுது. உனக்கு மிளகாத் தெரியுது.” சற்று நிறுத்தி, “மூக்கு பெரிய கருவிதான். ஆனா அதுக்கு எல்லை உண்டு. மெத்தனால் கலந்திருந்தா இந்த மூக்குக்குத் தெரியாது. எந்த மூக்குக்கும் தெரியாது. அதுக்கு மெஷின் வேணும். லேப்ல முதல்ல மெஷின் ரிப்போர்ட், அப்புறம்தான் நான் கிளாஸைத் தொடுவேன். கள்ளக்குறிச்சியில 2024 ஜூன்ல அறுபது பேருக்கு மேல போய்ச் சேர்ந்தாங்களே, அந்தச் சாராயப் பாக்கெட்டை முகர்ந்து பாத்திருந்தா எனக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.”

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. ஃபர்னஸ்காரர் காலிக் கிளாஸின் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது சுற்றில் நான் மாற்றிப் போடுகிறேன். இரண்டு புல்லட், ஒரு பீம். எண்களும் புதுசு. அவர் இம்முறை ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, ஆல்கஹால் பறந்தபின் மிச்சமிருப்பதை முகர்கிறார். செங்குன்றம் அரிசி மில்லில் நெல் அவிக்கும்போது ஒரு வாசனை வருமே, அதில் பாதி தூரத்தில் இது இருக்கிறது என்கிறார். தானியம் தானியம்தான், எந்த ஊரில் வெந்தால் என்ன. அவர் எண் சரி. ஃபர்னஸ்காரர் எண்ணும் சரி. மருமகன் மறுபடி தப்பு.

இரண்டு தடவை லக்கு என்றால் ஒன்பதில் ஒன்று. மூன்றாவதும் வந்தால் இருபத்தேழில் ஒன்று. அதற்கு மேல் அதை லக்கு என்று சொல்ல முடியாது, மூக்கு என்றுதான் சொல்ல வேண்டும். கணக்கைக் கேட்டதும் ஃபர்னஸ்காரர் நிமிர்ந்து உட்கார்கிறார். சட்டைப் பொத்தானைக் கூடப் போட்டுக்கொள்கிறார். இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்கிற மனிதர். இன்னொரு தொழிலின் பரீட்சையில் தேறப்போகிறோம் என்ற படபடப்பு அவர் முழங்காலில் தெரிகிறது.

மூன்றாவது சுற்றுக்கு ஊற்றி, சீட்டை மடித்து, தட்டுகளை மூடிக் கொண்டுபோய் வைக்கிறேன். அவர் முதல் கிளாஸை மார்பு உயரத்துக்குக் கொண்டுவருகிறார்.

சமையலறையில் எண்ணெய் காய்ந்துவிட்டது. கடுகு வெடிக்கிறது. பின்னாலேயே வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய். திரைச்சீலை எதைத் தடுக்கும்? வத்தக்குழம்பின் தாளிப்பு கூடம் முழுக்க ஒரே நொடியில் நிரம்புகிறது. பழவேற்காட்டு இறால் வேறு ஒரு பக்கம் வாணலிக்குக் காத்திருக்கிறது.

“மணி பன்னெண்டாகப் போகுது. எவ்வளவு நேரம்தான் அடுப்பை அணைச்சு வைக்கிறது?” அத்தையின் கேள்வி நியாயமானது.

அவர் கிளாஸைக் கீழே வைக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார். பேனாவுக்கு மூடி போடுகிறார்.

“இந்த ரவுண்ட் செல்லாது.”

“மாமா, நீங்க முகர்ந்தாப் போதும், உங்களால கண்டுபிடிக்க முடியும்.”

“எனக்கு இப்ப பெருங்காயம் மட்டும்தான் தெரியுது.”

“நாக்கு இருக்குல்ல?”

“நாக்கு பாதி வேலையை மூக்கு சொல்லித்தான் பண்ணுது.”

ஃபர்னஸ்காரருக்கு மனசில்லை. மூன்றையும் குடித்துவிட்டார். “எனக்குத் தெரியும். சொல்லட்டா?” ஒரு எண்ணைச் சொல்கிறார். மருமகன் வேறொரு எண்ணைச் சொல்கிறான். இரண்டு பேரும் என் சட்டைப் பையைப் பார்க்கிறார்கள்.

“சீட்டைப் பிரிக்க வேணாம் சார்,” என்கிறார் அவர். “செல்லாத சுத்துக்கு விடை எதுக்கு? சரியா வந்தா, தாளிப்பு வாசனையிலயும் கண்டுபிடிச்சேன்னு இவர் ஊரெல்லாம் சொல்வார். தப்பா வந்தா, முதல் ரெண்டும் லக்குன்னு இவன் சொல்வான். ரெண்டுமே பொய். கிழிச்சுப் போட்டுடுங்க.”

கிழித்துப் போடுகிறேன். அந்த இரண்டு எண்ணில் ஒன்று சரி. எந்த எண் என்பது எனக்குத் தெரியும், ஊற்றியவன் நான்தானே. இந்த இடத்தில் அதை எழுதுவதும் சீட்டைப் பிரிப்பது போலத்தான்.

அவர் தாளில் மூன்றாவது கட்டத்தை நிரப்புகிறார்: ‘வாசனை இடையூறு. முடிவு இல்லை.’ தேதி போட்டு, கையெழுத்து. அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டிப் பழகிய கையெழுத்து. எக்சைஸ் அதிகாரி ஆலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த காலத்தில் உருவானது. என்னையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடுகிறேன்.

ஃபர்னஸ்காரர் வருத்தமாக எழுந்துகொள்கிறார். மாமா அவரை உட்கார வைக்கிறார்.

“ரெண்டு சுத்து சரியாச் சொல்லிட்டீங்க. எங்க லேப்ல பயிற்சிக்கு வர்ற பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி பசங்க முதல் நாள்ல ரெண்டு சொல்ல மாட்டாங்க. ஆனா இனிமே கல்ப் அடிக்காதீங்க. இந்த நாக்கை வச்சுக்கிட்டு கல்ப் அடிக்கிறது பாவம்.”

ஃபர்னஸ்காரர் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னல்கள் திறக்கப்படுகின்றன. மின்விசிறி சுற்றுகிறது. மில் வாசனையும் தாளிப்பு வாசனையும் நடுவில் சந்தித்துக்கொள்கின்றன. வெளியே தெருமுனைக் கடையில் ஷட்டர் ஏறும் சத்தம், பன்னிரண்டு ஆகிவிட்டது.

மருமகன் மட்டும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “எல்லாம் சரி மாமா. நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கு. நல்லா இருக்கா, இல்லையா?”

“வேற வேறயான்னுதானே இவ்வளவு நேரம் பாத்தோம். வேறதான். நல்லா இருக்காங்கிறது தனிக் கேள்வி.”

“அதைத்தான் கேக்கிறேன்.”

அவர் கொஞ்சம் தயங்குகிறார். பிறகு ஓரம்கட்டிய துலிப் கிளாஸ் ஒன்றை இழுத்து, புல்லட்டில் முப்பது மில்லி ஊற்றுகிறார். தண்ணீர் விடவில்லை. பிளாஸ்டிக் மக்கைக் காலால் தள்ளி வைக்கிறார். வெளிச்சத்துக்குப் பிடித்து நிறம் பார்க்கிறார், சுவரோரம் வழிகிற கோடுகளைப் பார்க்கிறார். ஒரு வாய். வாயைத் திறந்து மூடி மென்றுகொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். விழுங்குகிறார். முள் நகர்கிறது. சமையலறைத் திரை விலகி, அத்தை கரண்டியோடு நிற்கிறார்.

“முதல்ல வர்ற இனிப்பு ஆளை ஏமாத்தப் பாக்குது,” என்கிறார். “வெனிலா, காய்ச்சின வெல்லம், ஆரஞ்சுத் தோல். அதை நம்பி உட்கார்ந்தா நடுநாக்குல மிளகு, கிராம்பு. கடைசியில இனிப்பு சுத்தமாப் போயிடுது; மரம், வறட்சி, நல்ல டீ குடிச்ச மாதிரி நாக்கு ஒட்டுது. இருபது செகண்டுக்கு மேல நிக்குது. அந்த பீம் இனிப்பா ஆரம்பிச்சு இனிப்பாவே முடியுது, இது முடியுற இடம் வேற. வடிச்சவன் அவசரப்படல. குத்தம் எதுவும் எனக்குத் தெரியல; தேடிப் பாத்துட்டேன். ஆனா இது தனியாக் குடிக்கிற சரக்கு இல்ல, எண்ணெய்ப் பலகாரம், பொரிச்ச இறால் மாதிரி ஏதாவது கூட இருந்தா அந்த வறட்சிக்கு வேலை இருக்கும். ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா புதினா மேல வரும், ஐஸ் போட்டா எல்லாம் செத்துடும்.”

“அப்ப நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கு. எழுதிக்கோ.”

“அப்ப இன்னொரு முப்பது ஊத்தட்டுமா மாமா?”

அவர் பாட்டிலின் மூடியைத் திருகி, அழுத்தி, மருமகன் பக்கமாகத் தள்ளுகிறார்.

“ருசி பாக்க ஒண்ணு போதும்டா. ரெண்டாவது கேட்டா, கேக்கிறது நாக்கு இல்ல.”